சியோல் நகரும் ஓய்வின் வரலாறும்

எம்மிடம் சில ஆண்டுகளுக்கு முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் இப்பொழுது தென் கொரியாவிலே தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறார். விடுமுறையில் ஊர் வந்திருந்தவர், எம்மைக் காண வந்தபோது சியோல் நகரைப் பற்றிய படப்புத்தகம் ஒன்றைக் கொடுத்துச் சென்றார். உல்லாசப் பிரயாணிகளுக்கென அச்சிடப்பட்ட அழகிய புத்தகம் அது. பழைய அரண்மனைகள், பூங்காக்கள், நகரின் நடுவே ஓடும் நீரோடை, அதன் கரையிற் கால் நனைத்து அமர்ந்திருக்கும் இளைஞர் கூட்டம், வெள்ளி போல மின்னும் கண்காட்சி மண்டபம் என ஒவ்வொரு பக்கமும் கண்ணைக் கவர்கிறது. "தம்பி, இவற்றையெல்லாம் நேரிற் பார்த்தீரா?" என்று கேட்டோம். "ஞாயிற்றுக்கிழமை கிடைச்சால் போய்ப் பார்க்கிறதுதான், சேர்" என்றார்.

"கிடைச்சால்" என்னும் அச்சொல் அவர் சென்ற பின்னரும் எம் செவியில் நின்றது. நகரத்தின் அழகெல்லாம் திறந்து கிடக்கின்றது. அதனைக் காண ஒரு நாள் கிடைக்குமா என்று காத்திருக்கும் மனிதரும் அங்கேயே வாழ்கின்றனர். ஓய்வு என்பது காற்றும் வெளிச்சமும் போல எல்லார்க்கும் இயல்பாக வாய்த்த ஒன்றன்று. ஒவ்வொரு காலத்திலும் அதனை உடையார் சிலர்; இல்லார் பலர். அதிகாரம் படைத்தோர் தம் நோக்கங் கருதி அதனை மக்களுக்கு அளந்து கொடுப்பதும் உண்டு. மக்கள் போராடிப் பெறுவதும் உண்டு. படப்புத்தகம் காட்டும் அதே இடங்களை, அது கூறாது விடும் இவ்வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அரண்மனைகளை நோக்குவோம். ஜொசன் அரசவமிசம் 1392 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஈராண்டுகளின் பின் தலைநகர் இன்றைய சியோலுக்கு மாற்றப்பட, 1395 இல் கியோங்பொக் அரண்மனை எழுந்தது. மறு ஆண்டு நகரைச் சுற்றி மதில் எழுப்புவதற்காக நாட்டின் பல பாகங்களிலிருந்தும் இலட்சத்துக்கு மேற்பட்ட குடியானவர் திரட்டப்பட்டனர். இன்று விடுமுறை நாளில் அம்மதிலோரமாக உலாவச் செல்வோர், சில கற்களிலே எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எந்தப் பகுதியை எந்த ஊரார் கட்டினர் என்பதைக் குறிப்பன அவை. அழகுக்காகப் பொறித்தவையல்ல, சுவர் சரிந்தால் யாரைப் பிடிப்பது என்பதை அறிவதற்காகப் பொறித்தவை. மதிலைக் கட்டியோரின் ஊர்ப்பெயர் கல்லில் நின்றது. ஆயின் மதிலுக்குள்ளே அரசர் உலாவிய சோலைகளில் அவ்வூரார்க்கு இடமில்லை. சாங்தொக் அரண்மனையின் பின்புறத்தே பரந்து கிடக்கும் சோலைக்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று 'தடுக்கப்பட்ட தோட்டம்' என்பது. பெயரே அக்காலச் சமுதாய அமைப்பினை விளக்கப் போதுமானதன்றோ?

1592 இல் யப்பானியப் படை கொரியாவினுட் புகுந்தபோது அரசன் தலைநகரைக் கைவிட்டு வடக்கே சென்றான். கியோங்பொக் அரண்மனை எரிந்தது. அதனை எரித்தோர் யார் என்பது பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், பின்னர் திருத்தியெழுதப்பட்ட அரச வரலாற்றேடு ஒன்று, சினங்கொண்ட மக்கள் அடிமைகளின் பதிவேடுகள் வைக்கப்பட்டிருந்த அலுவலகத்துக்கே முதலில் தீயிட்டனர் என்று கூறுவது மனங்கொளத்தக்கது. தம்மை உடைமையாக எழுதிவைத்த ஏடுகளை அடிமைகள் மறந்திருக்கவில்லை என்பதை அரசவையின் எழுத்தாளரே ஒப்புக்கொள்கின்றனர்.

அதன் பின் 270 ஆண்டுகளுக்கு மேல் அவ்வரண்மனை பாழடைந்து கிடந்தது. 1865 இல் அதனை மீளக் கட்டத் தொடங்கினர். செலவுக்குப் பணம் போதாமையால் 'நன்கொடை' என்ற பெயரிற் பணம் வசூலிக்கப்பட்டது. நகரவாயிலிற் புகுவோரிடமும் வரி வாங்கப்பட்டது. 1866 இல் நூறு என்று முகப்பெறுமதி பொறித்த நாணயம் வெளியிடப்பட்டது. அதன் உலோகப் பெறுமதியோ அதில் மிகச் சிறு பகுதியே. விளைவாகப் பொருள்களின் விலை ஏறிற்று. இன்று பிரயாணிகள் வண்ண உடையணிந்து படம்பிடித்துக்கொள்ளும் மண்டபங்கள், ஒரு தலைமுறையின் அரிசிப் பானையிலிருந்து எடுத்துக் கட்டப்பட்டவை என்றாற் குற்றமாகாது.

இனி, அரண்மனை பூங்காவான கதைக்கு வருவோம். 1905 இல் கொரியா யப்பானின் 'பாதுகாப்பின்' கீழ்க் கொண்டுவரப்பட்டது. 1907 இல் கோஜொங் மன்னர் முடிதுறக்கச் செய்யப்பட்டு அவர் மைந்தர் சுன்ஜொங் அரியணையில் அமர்த்தப்பட்டார். புதிய மன்னர் சாங்தொக் அரண்மனையிற் குடியேறியதும், அடுத்திருந்த சாங்கியோங் அரண்மனையில் அவருடைய மனமகிழ்ச்சிக்கென்று கூறி ஒரு மாற்றம் செய்யப்பட்டது. பல கட்டடங்கள் இடிக்கப்பட்டன. அவ்விடத்தே மிருகக்காட்சிச்சாலையும் தாவரப் பூங்காவும் நூதனசாலையும் அமைக்கப்பட்டன. 1909 நவம்பர் முதலாந் திகதி அவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இரும்பும் கண்ணாடியுங் கொண்டு அன்று கட்டப்பட்ட பெரிய செடிவீடு இன்றும் அங்கே நிற்கிறது. 1910 இல் நாடு முற்றாக இணைத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு 'சாங்கியோங்-குங்' என்ற பெயர் 'சாங்கியோங்-வொன்' என்றாயிற்று. 'குங்' என்பது அரண்மனை. 'வொன்' என்பது தோட்டம். பெயரின் ஈற்றில் ஒரு சொல் மாறியது. ஒரு நாட்டின் அரசுரிமை விளையாட்டுத் திடலாயிற்று. யப்பானியரின் விருப்புக்குரிய செரி மரங்கள் ஆயிரக்கணக்கில் நடப்பட்டன. 1924 முதல் வசந்தகால இரவுகளில் மின்விளக்கொளியில் மலர்க்காட்சியும் நடைபெறலாயிற்று.

ஈண்டு நாம் ஒன்றைத் தெளிவாகக் கூறிக்கொள்ள வேண்டும். மன்னரின் மாளிகைக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. ஐந்நூறு ஆண்டுகளாக உழவனுக்குத் திறவாத வாயில் திறந்தது தீமையன்று. ஆனால் வாயிலைத் திறந்தவர் யார், எதற்காகத் திறந்தார் என்பதே வினா. சொந்த நாட்டிற் பேசும் உரிமையைப் பறித்தவர்கள் யானையையும் மலரையும் பார்க்கும் உரிமையை வழங்கினர். மக்கள் மகிழ்ந்தனர், மகிழ்ந்தது அவர்கள் குற்றமன்று. எனினும் அம்மகிழ்ச்சி, கேட்கப்படாத ஒரு கேள்வியின் மேல் விரிக்கப்பட்ட பாயாக அமைந்தது.

கியோங்பொக் அரண்மனையிலும் இதுவே நிகழ்ந்தது. குடியேற்ற ஆட்சியின் ஐந்தாண்டு நிறைவைக் கொண்டாட 1915 இல் அங்கே பெரிய பொருட்காட்சி நடத்தப்பட்டது. அதற்கு இடம்வேண்டி அரண்மனைக் கட்டடங்கள் பல அகற்றப்பட்டன. மறு ஆண்டு, அரசவை மண்டபத்தை மறைத்துக்கொண்டு யப்பானிய ஆளுநரின் தலைமைச் செயலகத்தைக் கட்டத் தொடங்கி, 1926 இல் முடித்தனர். விடுதலைக்குப் பின்னர் அக்கட்டடம் கொரிய அரசின் அலுவலகமாகவும், 1986 முதல் தேசிய நூதனசாலையாகவும் பயன்பட்டது. விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், 1995 ஓகஸ்ட் 15 ஆந் திகதி, அதன் கோபுரமுடி அகற்றப்பட்டது; அடுத்த ஆண்டில் இடிப்பு வேலை முற்றுப்பெற்றது.

மக்களுக்கென அளந்து கொடுக்கப்பட்ட இடத்தை மக்கள் தம் நோக்கத்துக்குப் பயன்படுத்தியதும் உண்டு. நகரின் நடுவே உள்ள தப்கொல் பூங்கா இதற்குச் சான்று. 1467 இல் எழுந்த பத்து நிலைச் சலவைக்கற் கோபுரம் நிற்கும் பழைய பௌத்த விகாரை நிலத்திலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைக்கப்பட்ட பூங்கா அது. காற்று வாங்குவதற்கென அமைந்த அவ்விடத்திலேதான் 1919 மார்ச் முதலாந் திகதி மாணவரும் நகரமக்களும் கூடினர். சுதந்திரப் பிரகடனம் அங்கே உரத்து வாசிக்கப்பட்டது. அங்கிருந்து புறப்பட்ட ஊர்வலம் நாடெங்கும் பரவிய கிளர்ச்சியாயிற்று. ஆட்சியாளர் துப்பாக்கியால் விடையளித்தனர். ஓய்விடம் ஒன்று கூடுமிடமும் ஆகும் என்பதை ஆள்வோர் அன்று கற்றுக்கொண்டனர், ஆளப்பட்டோரும் கற்றுக்கொண்டனர்.

1945 இல் அந்நிய ஆட்சி ஒழிந்தது. ஆயினும் சாங்கியோங் அரண்மனையிலே மிருகங்கள் மேலும் நாற்பது ஆண்டுகள் அளவில் இருந்தன. 1983 இல்தான் அரண்மனைக்குப் பழைய பெயர் மீண்டது. 1984 இல் நகர்ப்புறத்தே புதிய மிருகக்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அந்நியன் போனாலும் அவன் அமைத்த வழக்கங்கள் உடனே போய்விடுவதில்லை. இதனைக் கொரியர் மறதி என்று மட்டும் கூறுவது நீதியாகாது. யுத்தத்தால் அழிந்த நகரத்திலே, பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்துச் செல்லத் தொழிலாளிக்கு வேறு எந்த இடம் இருந்தது?

அத்தொழிலாளியின் கதையை அறிய வேண்டுமாயின் நாம் நீரோடைக் கரைக்குச் செல்ல வேண்டும். சொங்கேசொன் என்னும் அவ்வோடை பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்து செப்பனிடப்பட்டது. 1760 இல் யொங்ஜோ மன்னர் காலத்தில் இரண்டு இலட்சம் பேரளவிற் கூடி அதன் சேற்றை வாரியதாகக் குறிப்புகள் உண்டு. அதன் மேலுள்ள குவாங்தொங் பாலத்தின் கற்களுட் சில, தன் மாற்றாந்தாய் மீது பகைகொண்ட தேஜொங் மன்னன் அவ்வரசியின் கல்லறையிலிருந்து பெயர்த்துப் பதித்தவை. அரச குடும்பத்தின் பகை மக்களின் காலடியில் இன்றும் கிடக்கிறது.

ஓடைக் கரை என்றும் ஏழைகளின் கரையாகவே இருந்தது. 1950 முதல் 1953 வரை நடந்த யுத்தத்தின் பின் வடக்கிலிருந்து அகதிகளாக வந்தோர் அங்கே பலகைக் குடில்களை அமைத்து வாழ்ந்தனர். 1958 முதல் ஓடையைக் கொங்கிறீற்றினால் மூடும் வேலை முனைப்பாக நடந்தது. அதன் மேல் எழுந்த மேம்பாலப் பெருந்தெரு 1971 இல் நிறைவெய்தியது. அதற்கு இடப்பட்ட பெயர் 1919 கிளர்ச்சியை நினைவூட்டும் 'மார்ச் முதலாந் திகதி' என்பதே. குடில்கள் இருந்த இடத்தில் 1960களின் தொடக்கத்திற் சமாதானச் சந்தை எழுந்தது. பிரிந்த நாடு ஒன்றாக வேண்டும் என்ற அகதி வணிகரின் ஏக்கமே அப்பெயரில் ஒலித்தது.

கீழ்மாடியிற் கடைகள்; மேல்மாடிகளில் தையற்கூடங்கள். கூடத்தின் உயரத்தை இரண்டாகத் தடுத்துப் பலகைத் தட்டு அமைத்து, நிமிர்ந்து நிற்க முடியாத அவ்விடத்திலே பெண்பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தினர். உதவியாளராகச் சேர்ந்தோர் பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமியர். நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரமும் அதற்கு மேலும் வேலை. மாதத்தில் இரண்டே நாள் விடுமுறை. துணித்தூசியாற் பலருக்கு மார்புநோய் கண்டது. நாட்டின் ஏற்றுமதி வளர்கிறது என்று பார்க் சுங்-ஹீயின் இராணுவச் சார்பான ஆட்சி பெருமைப்பட்டுக்கொண்ட காலம் அது.

அச்சந்தையில் வேலைசெய்த ஜொன் தே-இல் என்னும் இளைஞர் 1948 இற் பிறந்தவர். ஒழுங்கான பள்ளிப்படிப்புக்கு வாய்ப்பற்றவர். தம் பஸ் பணத்துக்கு மாப்பண்டம் வாங்கிப் பட்டினியாக இருந்த சிறுமியருக்குக் கொடுத்துவிட்டு, இரவில் நெடுந்தூரம் நடந்தே வீடு செல்வார். 1953 ஆம் ஆண்டிலேயே நாட்டில் தொழிலாளர் நியமச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது என்பதைத் தற்செயலாக அறிந்தபோது அவர் வியந்தார். சட்டநூலின் விளக்கவுரையை வாங்கிப் படிக்க முயன்றார். சீன எழுத்துக்கள் செறிந்த அந்நூல் அவருக்கு எளிதில் விளங்கவில்லை. பல்கலைக்கழக மாணவன் ஒருவன் தமக்கு நண்பனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவர் ஏங்கினார்.

ஆசிரியராகவும் மாணவராகவும் இருக்கும் நாம் இவ்விடத்தில் ஒரு கணம் நிற்க வேண்டும். தொழிலாளியைக் காக்கும் சட்டம் இருந்தது. அது தொழிலாளி படிக்க முடியாத எழுத்தில் இருந்தது. அதனைப் படிக்கக் கூடியோர் அதே நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுள் ஒருவரும் அவருக்கு நண்பராக இருக்கவில்லை. கல்விக்கும் உழைப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை இதைவிட எளிமையாகச் சொல்லிவிட முடியாது.

1969 இல் அவர் தம் தோழர்களுடன் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார். சட்டம் இருந்தும் அறியாது உழைத்த தம் மடமையை எண்ணி அதற்கு 'மூடர் சங்கம்' என்று பெயரிட்டனர். வினாத்தாள்கள் கொடுத்துத் தொழிலாளரின் நிலையை ஆராய்ந்தனர், அதிகாரிகளிடம் முறையிட்டனர். சனாதிபதிக்கென ஜொன் எழுதிவைத்த கடிதத்திற் காணப்படும் கோரிக்கைகள் இன்று வாசிப்போரை வெட்கமுறச் செய்வன. வேலைநேரத்தைப் பதினான்கு மணியிலிருந்து பத்து அல்லது பன்னிரண்டாகக் குறைக்க வேண்டும். மாதம் இரண்டு நாள் விடுமுறைக்குப் பதிலாக ஞாயிறுதோறும் ஓய்வு வேண்டும். மருத்துவப் பரிசோதனை ஒழுங்காக நடைபெற வேண்டும். சிறுமியரின் கூலியை உயர்த்த வேண்டும். இவ்வளவே. ஞாயிற்றுக்கிழமை! நம் மாணவர் "கிடைச்சால்" என்று கூறிய அந்த ஒரு நாளைத்தான் அவரும் கேட்டார்.

பதில் வரவில்லை. 1970 நவம்பர் 13 ஆந் திகதி சந்தைத் தெருவிலே, பின்பற்றப்படாத அச்சட்டநூலை எரிக்கும் எதிர்ப்புக்கு ஏற்பாடாகியிருந்தது. பொலிசார் தடுத்தனர். ஜொன் தம் உடலிற் பெற்றோலை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு, சட்டத்தைப் பின்பற்றுங்கள், நாங்கள் இயந்திரங்களல்லர், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கொடுங்கள் என்று முழங்கியவாறு ஓடினார். அன்றிரவே உயிர் நீத்தார். வயது இருபத்திரண்டு. அத்தகைய உயிர் வாழ்ந்து போராட இடமில்லாதபடி எல்லா வாயில்களும் அடைக்கப்பட்டிருந்தமையே இங்கு நாம் வருந்தவும் சினக்கவும் வேண்டிய செய்தி.

அவருடைய அன்னையார் ஈ சோ-சொன் மகனுக்குக் கொடுத்த வாக்கைக் கைவிடவில்லை. அதே மாதத்தில் அத்தெருவின் ஆடைத் தொழிலாளர் சங்கம் உருவாகியது. 2011 இல் இறக்கும் வரை அவர் தொழிலாளரின் தாயாகவே மதிக்கப்பட்டார். மாணவரும் விழித்தனர். தொழிலாளருக்கான இரவுப் பள்ளிகள் பெருகின. பல்கலைக்கழகத்தை விட்டுத் தொழிற்சாலைக்கே சென்றோரும் உளர். சோ யொங்-ரே என்னும் சட்டத்தரணி, அரசின் தேடுதலுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த காலத்தில் ஜொன்னின் வரலாற்றை எழுதினார். 1983 இல் அந்நூல் ஆசிரியர் பெயரின்றியே வெளிவந்தது. ஜொன் தேடிய பல்கலைக்கழக நண்பன் அவர் இறந்த பின்னர் வந்துசேர்ந்தான்.

இனிப் படப்புத்தகத்தின் நீரோடைப் பக்கத்தைத் திருப்புவோம். 2003 யூலையில் மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கி, 2005 ஒக்டோபர் முதலாந் திகதி ஓடையைத் திறந்துவைத்தனர். ஏறத்தாழ 5.8 கிலோமீற்றர் நீளம். பழைய ஊற்றுக்கள் வற்றிவிட்டமையால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,20,000 தொன் நீர் இயந்திரத்தால் இறைத்து விடப்படுகிறது. வேலையை முன்னின்று நடத்திய நகர மேயர் ஈ மியொங்-பக், முன்னர் பெரிய கட்டுமானக் கம்பனியொன்றின் தலைவராக விளங்கியவர். 2007 இல் நாட்டின் சனாதிபதியாகத் தெரிவானார். மேம்பாலத்தின் மூன்று தூண்கள் மட்டும் நினைவுக்காக நீரில் விடப்பட்டுள்ளன. மாலை வேளையிற் பணம் எதுவும் கொடாமல் எவரும் அங்கே சென்று அமரலாம் என்பது பெரும் பேறே. அதை மறுப்பார் இலர்.

ஆயின் அத்தெருவிற் பழம்பொருள் பரப்பி விற்று வாழ்ந்த நடைபாதை வணிகர் எங்கே சென்றனர்? பலர் அருகிலிருந்த தொங்தேமுன் விளையாட்டரங்கினுட் குடியேற்றப்பட்டனர். யப்பானிய முடிக்குரிய இளவரசரின் திருமணத்தைச் சிறப்பிக்க, பழைய நகரமதிலின் ஒரு பகுதியை அழித்து 1925 இற் கட்டப்பட்ட அரங்கு அது. சில ஆண்டுகளில் அதனையும் இடித்தனர். வணிகர் மீண்டும் மூட்டை கட்டினர். அவ்விடத்தில் சஹா ஹடிட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அமைத்த கண்காட்சி மண்டபம் 2014 இல் திறக்கப்பட்டது. அதன் மேற்புறத்தை 45,133 அலுமினியத் தகடுகள் போர்த்திருக்கின்றன. நிலத்தைத் தோண்டியபோது பழைய மதிலின் அடித்தளமும் நீர்வாயிலும் வெளிப்பட்டமையால் அவற்றையும் காட்சிக்கு வைத்துள்ளனர். ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய கல்லுக்கு இடம் கிடைத்தது. ஐந்தாண்டுக்கு முன் கடை பரப்பியவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

எனினும் நினைவை முற்றாக அகற்ற முடியவில்லை. ஓடையின் பாலமொன்றில் 2005 முதல் ஜொன் தே-இல்லின் மார்பளவுச் சிலை நிற்கிறது. 2019 இல் கரையோரத்தில் அவர் பெயரால் நினைவகம் திறக்கப்பட்டது. தொழிற்பரிசோதகருக்கு அவர் எழுதிய கடிதத்தின் கையெழுத்து அதன் முகப்பு முழுவதிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அன்று எவரும் வாசிக்க மறுத்த கடிதத்தை இன்று தெருவிற் செல்வோரெல்லாம் வாசிக்கின்றனர்.

போராட்டம் பயன் தந்தது. 2004 முதல் ஐந்து நாள் வேலைவாரம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2018 இல் வாரத்துக்கு மேலதிக நேரமும் உட்பட 52 மணி என்ற எல்லை சட்டமாயிற்று. 2016 ஆம் ஆண்டின் இறுதியிலே, கியோங்பொக் அரண்மனை வாயிலின் முன் சனிக்கிழமை மாலைதோறும் இலட்சக்கணக்கானோர் மெழுகுவர்த்தி ஏந்திக் கூடினர். 2017 மார்ச் 10 ஆந் திகதி சனாதிபதி பார்க் குன்-ஹே பதவி நீக்கப்பட்டார். ஜொன் எரிந்தபோது ஆண்ட பார்க் சுங்-ஹீயின் மகள் அவர். போராடிப் பெற்ற ஓய்வுநாளை மக்கள் பூக்களைப் பார்க்க மட்டும் பயன்படுத்தவில்லை.

கதை இன்னும் முடியவில்லை. ஐந்து பேருக்குக் குறைந்தோர் வேலைசெய்யும் தொழிலகங்களுக்கு அந்த வேலைநேர எல்லை பொருந்துவதில்லை. பண்ணையிலும் மீன்பிடியிலும் உழைப்போருக்கும் இல்லை. அவற்றிலெல்லாம் அயல்நாட்டார் பலர் உளர். கொரிய அரசு 2004 இல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான அனுமதிமுறையைத் தொடக்கியபோது முதலில் இணைந்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. தொழிலகத்தை விரும்பியவாறு மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்குக் குறுகியதே. பலகைத் தட்டில் அன்று குனிந்திருந்த சிறுமியரின் இடத்தில் இன்று வேறு நாட்டுப் பிள்ளைகள் நிற்கின்றனர்.

நம் மாணவர் மீண்டும் புறப்படுமுன் ஜொன் தே-இல்லின் கதையை அவருக்குச் சொன்னோம். ஓடைக் கரையிற் பலமுறை அமர்ந்திருந்தும் சிலைக்குரியவர் யாரென்று அவர் அறிந்திருக்கவில்லை. "அடுத்த முறை போகும்போது பார்ப்பேன் சேர்" என்றார். இச்சிறு கதையை வகுப்பறையிற் சொல்லியனுப்ப நமக்கு முன்னரே தோன்றாதது நம் குறையே. தொழில் தேடிக் கடல் கடக்கும் பிள்ளைகளுக்கு அந்நாட்டு மொழியைக் கற்பிக்க வகுப்புகள் பல உள. அந்நாட்டிலே தமக்குள்ள உரிமையைக் கற்பிப்பார் எத்தனை பேர்? தமக்கு விளங்கும் மொழியிற் சட்டத்தைப் படித்துக்காட்ட ஒரு நண்பன் இல்லையே என்று ஏங்கும் இளைஞர் நம் ஊர்களிலும் இருத்தல் கூடும். அவர்கள் தேடுமுன் நாம் செல்வோமாக.